பேச்சு பட்ட பாட்டில்கள்

செமிலிங் ஊருக்குப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் தேவகிக்குச் செடி நறுக்கும் வேலை. கீரை நறுக்குவது மாதிரி அல்ல. நகத்தளவு குருத்தை எடுத்து, நெருப்பில் காட்டிய கத்தியால் நாலாக்கி, அகார் அகார் ஜெல்லி போல் உறைந்த சத்துக்கூழ் பாட்டிலில் நட்டு மூட வேண்டும். அது உள்ளேயே வளர்ந்து குட்டி போடும். பிறகு எங்கோ ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறையில் போய் அழகாக நிற்கும்.

அந்த அறையில் பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசக் கூடாது. பூவும் வளையலும் போன வருடம் புருஷன் நடராஜா போனபோதே தேவகியை விட்டுப் போயிருந்தன. பேச்சைத்தான் விட முடியவில்லை.

இரண்டு தடவை அவள் நட்ட பாட்டில்களில் மட்டும் குருத்தின் அடியில் பால் திரிந்தாற்போல் வெள்ளை கட்டிவிட்டது. கிருமி. இன்னொரு தடவை இப்படியானால் வேலை கிடையாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் வேறு வேலைக்கு எங்கே போவாள்? அதைவிடப் பெரிய பயம், பகல் முழுக்க அந்தப் பிளாட்டில் தனியாகக் கிடக்க வேண்டுமே என்பது.

சூப்பர்வைசர் ரூபினி சின்னப் பெண். காலை முழுக்கப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் கை கழுவும் இடத்துக்கு வந்தாள்.

“அக்கா, வேலை செய்யறப்ப பேசிக்கிட்டே இருக்கீங்க. மாஸ்க் மூக்குக்குக் கீழ இறங்கிடுது. துளி எச்சில் பட்டா போதும்லா, பாட்டில் போச்சு.”

“சாமி பேரு சொல்றேன்மா.”

“சாமியப் போயி யாராச்சும், ‘எத்தன தடவ சொல்றது, காது என்ன செவிடா’ன்னு கேப்பாங்களா?”

தேவகி வசமாக மாட்டிக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரருக்கிட்ட,” என்றாள்.

நடராஜாவின் சாவுக்கு வந்திருந்தவள் ரூபினி. அவள் குழாயை மூடினாள்.

வீட்டில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றால் தேவகிக்கு வாயே வராது. படத்தில் அவர் மாப்பிள்ளைக் களையோடு சிரித்துக்கொண்டிருப்பார். அந்த ஆளிடம் என்னவென்று சண்டை போடுவது? அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஹாலில் டிவி பார்க்கும் மனுஷனைத் திரும்பியும் பாராமல் திட்டித்தான். இங்கே கையில் கத்தி, முதுகுக்குப் பின்னால் காற்று மெஷினின் இரைச்சல். பேச்சு தானாக வந்தது. தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, ஜொகூரில் இருக்கும் மகன் போன் எடுக்காதது, எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

“பாஸ்கிட்ட சொல்ல மாட்டேன்கா. ஆனா நாளையிலேர்ந்து வாயத் திறக்காதீங்க. பேசணும்னா ரெஸ்ட் டைம்ல என்கிட்ட பேசுங்களேன்.”

“உன்கிட்ட எனக்கு என்னம்மா சண்டை?” என்று சிரிக்கப் பார்த்தாள் தேவகி. சிரிப்பு பாதியிலேயே நின்றது. நல்ல பிள்ளைதான். ஆனால் அது கொடுத்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். அன்றைய கடைசிப் பாட்டிலைத் திறந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. அவள் எவ்வளவு கத்தினாலும் நடராஜா அசையமாட்டார். அவள் பேச்சை நிறுத்தினால்தான் ஆடிப்போவார். சமாதானத்துக்கு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்து அடுப்படி வாசலில் நிற்பார்.

தேவகி பாட்டிலின் பக்கம் குனிந்தாள்.

“இங்க பாருங்க, நாளையிலேர்ந்து நான் பேசமாட்டேன். கோவம்னு நெனச்சுக்காதீங்க.”

பிறகு அதை மூடி, மற்ற பாட்டில்களோடு சேர்க்காமல், கெட்டுப்போனவற்றின் கூடையில் தானே கொண்டுபோய் வைத்தாள்.