ராணியின் நூல்

மைத்துனன் கையில் கத்தரிக்கோலோடு வந்தான்.

"மாமா, பாவை எங்க?"

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. என் மனைவி ஆட்டிய ராணி. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்று மாலைப் பாவைக்கூத்தில் அவள் இடத்தில் அவள் தம்பி நிற்கிறான்.

நூல்களெல்லாம் கட்டிய கட்டையைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ராணியின் பாதம் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"பாருங்க, காத்துல நடக்கறா. அக்கா குள்ளச்சி. நூலெல்லாம் அவ உயரத்துக்கு வெட்டினது."

"குனிஞ்சு ஆட்டேன்."

"ரெண்டு மணி நேரமா? அப்புறம் என்னையும் தூக்கிட்டுத்தான் வரணும்."

சொன்னபிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் நான் இதைப் பொம்மை என்றேன். குடும்பமே சிரித்தது. "படிச்சவரு பேசறாரு," என்றாள் அவள். "நூல் இல்லாம கிடந்தா பொம்மை. நூல் கட்டிட்டா பாவை. இன்னொரு தடவை பொம்மைன்னீங்க, அன்னைக்குப் பட்டினிதான்."

இந்த இரண்டு மாதமும் தினம் கட்டையைப் பிடித்து, ராணியின் பாதம் தரையில் படும்வரை குனிவேன். கை எங்கே நிற்கிறதோ அது அவள் நெஞ்சு. அவள் உயரத்தை நான் வேறெங்கும் குறித்து வைக்கவில்லை.

"வெட்டாம, நீட்டிக் கட்ட முடியாதா?"

"நடுவுல முடிச்சு இருந்தா சிக்கும் மாமா. வெட்டட்டுமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். நான் சரியென்று தலையாட்டினேன்.

ஆறு நூல். தலை, கை, முழங்கால், முதுகு. வெட்ட வெட்டச் சுருண்டு ஒன்றாகக் கலந்தன. எது எங்கிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ராணி மேசையில் குப்புறக் கிடந்தாள்.

என் மகளுக்கு நாலு வயது. அருகில் வந்து ராணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொம்மை," என்றாள்.

"பாவைடா கண்ணு. இதோ மாமா கட்டிடறேன்," என்றான் மைத்துனன். புது நூலின் நுனியை வாயில் ஈரமாக்கித் தன் நெஞ்சுக்கு அளந்தான்.

அரை மணியில் முடித்துவிட்டான். "ஒரு கை பிடிங்க மாமா, சரியா நிக்கறாளா பாக்கறேன்," என்று கட்டையை என்னிடம் நீட்டினான்.

பழக்கத்தில் மனைவியின் உயரத்துக்குக் குனிந்தேன். நூல் தொய்ந்து ராணியின் முழங்கால் மடங்கியது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"எழுப்புப்பா," என்றாள் மகள்.

நான் குனிந்தபடியே நின்றேன்.