பாறையில் கட்டிய கயிறு

எங்கள் தீவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படகைக் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, சாமான்களைத் தோணியில்தான் ஏற்றி இறக்க வேண்டும். கரைக்குக் கயிறு கட்டக்கூடாது. கயிறு வழியாகப் படகிலுள்ள எலி தீவுக்கு நடந்து வந்துவிடும்.

அந்த மே மாதம் குஞ்சு பிடிக்கும் பருவம் முடிந்து, புயல் வருவதற்குள் தீவைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. உப்பிட்ட தீத்திக் கடற்பறவைக் குஞ்சுகள் கடற்பாசிப் பைகளில் மலைபோலக் கிடந்தன. அந்தப் பக்கம் இருந்தது எங்கள் படகு ஒன்றுதான், பார்க்க வேறு ஆள் இல்லை.

"கயித்தப் பாறையில கட்டுண்ணே. ஒரு மணி நேரந்தான்" என்றேன்.

"எலி இருந்தா, ஹூய்யா?" என்றான் ரெவி அண்ணன்.

"உன் சமையலத் தின்னுட்டு எந்த எலிண்ணே உயிரோட இருக்கும்?"

சிரித்துக்கொண்டே கட்டினான். அந்தச் சிரிப்புக்கு நான்தான் பொறுப்பு.

அடுத்த மார்ச்சில் பருவத்துக்குத் திரும்பி வந்து குடிசையைத் திறந்தால் மெழுகுவர்த்தி, சோப்பு, மெத்தை எல்லாம் கொறித்துக் கிடந்தன. பெருவிரல் அளவுள்ள குருவி ஒன்று எங்களிடம் உண்டு. பறக்கத் தெரியாது. ஈ பிடிக்க வாசற்படியில் தத்தும். எங்கள் வாசலில் ஒன்றைக்கூடக் காணோம். வடகோடியில் மட்டும் இன்னும் இருந்தன.

வனவிலங்குத் துறைக்காரர் ஒருவர் விஷ மருந்தோடு வந்தார். எல்லாக் குடும்பங்களையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"யாராவது கயிறு கட்டினீங்களா? திட்டறதுக்குக் கேக்கல. எலி எங்க எறங்குச்சுன்னு தெரிஞ்சா அங்கேயே மடக்கிடலாம். மருந்து கொஞ்சந்தான் இருக்கு."

சொன்னால் குஞ்சு பிடிக்கும் உரிமை போய்விடும். எங்கள் தாய்வழியில் ஏழு தலைமுறையாக வந்த உரிமை. அண்ணன் வாயைத் திறந்தான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

"எங்க படகு எப்பவும் நங்கூரத்துலதான் நிக்கும்" என்றேன்.

எலி பெரிய படகுத்துறையில்தான் இறங்கியிருக்கும் என்று அங்கே மருந்து வைத்தார்கள். எங்கள் பாறை கிடந்தது தீவின் மறுபக்கம். எலிகள் ஒரே குளிர்காலத்தில் வடகோடி வரை போய்விட்டன. கடைசியாக ஆறு குருவிகளை வலையில் பிடித்து வேறு தீவில் விட்டார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் அந்தக் குருவி கிடையாது.

இந்த ஏப்ரலில் அண்ணனைத் தீவுக்குக் கூப்பிடப் போனேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"உரிமை வேணும்னுதானே என் வாய அடச்சே? நீயே வச்சுக்க" என்றான்.

தனியாகத்தான் போனேன். விடிந்து நெடுநேரமாகியும் ஒரு குருவிச் சத்தமும் கேட்கவில்லை.