ஒன்பதாவது தாள்

சின்னவளின் உள்ளங்கை வியர்க்கும். கோடை, குளிர், பயம், சந்தோஷம் என்று எந்தக் காரணமும் அதற்குத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வியர்க்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்து எழுதியவள் அவள். மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு, இது வியாதி இல்லை, உடம்பு வாகு என்று சொல்லி ஆளுக்கொரு பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். பவுடர் போட்ட கை மாவு பிசைந்த கை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் பார்த்த வேலை, வீடியோ கேம் கண்ட்ரோலர்களைச் சோதிப்பது. அக்காவின் கணவர், அதாவது அத்தான், பதினான்கு பேரை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி விளையாடுவார்களே, அந்தச் சாமான்தான் அங்கே தயாரானது. ஆபீஸ் பொறுப்பு அக்காவுடையது. புது மாடல் ஒன்று வந்தால் ஒன்பது பேர் அதைச் சோதிக்க வேண்டும். அதில் எட்டுப் பேர் பேக்கிங்கிலும் ஸ்டோரிலும் கணக்கிலும் வேலை செய்பவர்கள். கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து பத்து நிமிடம் அழுத்திவிட்டுப் போவார்கள். ஒன்பதாவது ஆள் சின்னவள். அவளுக்கு அதுதான் முழுநேர வேலை. ஆறு வருடமாக.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏசி போட்ட சின்ன அறை, ஒரு டிவி, திரையில் ஒரு பொம்மை மனிதன் ஓடிக்கொண்டே இருப்பான். குழி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவன் தாண்டுவான். அழுத்தியும் தாண்டாமல் விழுந்தால் அது கண்ட்ரோலரின் குற்றம். நூறு அழுத்தலுக்கு எத்தனை குற்றம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் அரட்டை அடித்தபடி எழுதிக் கொடுப்பார்கள். சின்னவள் கண்ணும் கருத்துமாக எழுதுவாள். எந்த இடத்தில் கை வழுக்குகிறது, எந்தப் பட்டன் லேசாகக் கடிக்கிறது என்று தாளின் பின்பக்கமும் நிரம்பும்.

இந்த வருடம் அத்தானுக்குக் கண்ணாடிப் பித்து பிடித்தது. புது மாடலில் பட்டனே கிடையாது. வழவழவென்று ஒரே கண்ணாடி, அதில் வெளிச்சத்தால் வரைந்த வட்டங்கள். போனில் தொடுகிற மாதிரித் தொட்டால் போதும். தேய்வதற்கு ஸ்பிரிங் இல்லை, தூசி நுழைய இடுக்கு இல்லை. எட்டு மாதம் அவர் அதோடுதான் குடித்தனம் நடத்தினார் என்று அக்காவே சொல்வாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற கடைச் சங்கிலி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாகவும் சொல்லியிருந்தது.

சின்னவள் அதைச் சோதித்தபோது நூற்றுக்கு முப்பத்தொன்று தவறியது. ஈர விரலை அந்தக் கண்ணாடி ஒரு சமயம் விரலென்றே மதிக்கவில்லை, ஒரு சமயம் ஒரு விரலை மூன்றாக எண்ணிக்கொண்டது. அதோடு, பட்டன் என்றால் விளிம்பு இருக்கும், கட்டைவிரல் தானே தடவி இடத்தைக் கண்டுபிடிக்கும். இங்கே விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாக வேண்டும். குனிந்த நேரத்தில் பொம்மை மனிதன் குழியில் கிடப்பான். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அத்தான் பாவம், மனசு ஒடிந்துபோவாரே என்று இரண்டு நாள் அவள் கவலைப்பட்டாள்.

அத்தான் ஒடியவில்லை. உற்சாகமாக அலைந்துகொண்டிருந்தார். ஏன் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ஆர்டர் கொடுப்பவர்கள் இந்தத் தடவை சோதனை அறிக்கையில் சோதனைக்குப் பொறுப்பானவர் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதனால்தான் அந்த அறிக்கை முதன்முதலாக அவள் மேஜைக்கு வந்தது. அதில் இருந்தது இது: சோதித்தவர்கள் எட்டுப் பேர், நூற்றுக்குச் சராசரி இரண்டு தவறு.

எட்டுப் பேர் என்பதை அவள் முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தாள். பிறகு சராசரியைப் போட்டுப் பார்த்தாள். அவள் தாளைச் சேர்த்தால் ஐந்துக்கு மேல் வந்தது, சேர்க்காவிட்டால் சரியாக இரண்டு. ஆபீஸ் அலமாரியைத் திறந்து பழைய ஃபைல்களை எடுத்தாள். ஆறு வருடம், ஏழு மாடல். ஏழு அறிக்கையிலும் எட்டுப் பேர்தான். ஏழு ஃபைலிலும் அவளுடைய தாள் கடைசியாக, மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறியோடு இருந்தது. அத்தானுக்குக் குறிகூடக் கோணாமல் போட வரும்.

பிள்ளைகள் விளையாடும்போது அழுது அடம்பிடிக்கிற குட்டிப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், வியர்க்கும், சிரிக்கும். அவுட் ஆனாலும் அவுட் இல்லை, தொட்டாலும் தொட்டதில்லை. அந்தக் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரியும். முப்பத்திரண்டு வயதில் தான் அந்தக் குழந்தை என்று தெரிந்துகொள்வது கொஞ்சமும் நன்றாக இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு நேராக அத்தானின் அறைக்குப் போனாள். அக்காவும் அங்கேதான் இருந்தாள்.

"என் தாள் எங்க அத்தான்?"

அத்தான் அறிக்கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அது வந்து, உன் கை கொஞ்சம் வேற மாதிரி இல்லையா? அதைச் சேர்த்தா சராசரி கெட்டுப்போகும். எல்லாருக்கும் அப்படி வியர்க்கறதில்லையே."

"அப்ப ஆறு வருஷமா நான் எதுக்கு உக்காந்து அழுத்திட்டிருந்தேன்?"

"நீ நல்லா வேலை பாக்கறே. இல்லேன்னு யார் சொன்னா?"

"நல்லாப் பாத்தா ஏன் தூக்கிப் போட்டீங்க?"

அதற்கு அக்காதான் வாயைத் திறந்தாள். "அவரைக் கோச்சுக்காதேடி. நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். முதல் தாள்லயே உன் நம்பர் மட்டும் தனியா நின்னுது. ஏன்னு நாலு பேர் கேப்பாங்க, உன் கையைப் பத்திப் பேசுவாங்க. சின்ன வயசுல இதுக்காக நீ எவ்வளவு அழுதிருக்கேன்னு எனக்குத் தெரியாதா? உன் மேல இருக்கற பிரியத்துலதான்."

"பிரியத்தை வீட்டுல வச்சுக்கோக்கா. இது ஆபீஸ்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. சின்னவள் அதைப் பார்த்தாள், ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அத்தான் இரண்டு உள்ளங்கையையும் பேண்டில் மாறி மாறித் துடைத்துக்கொள்வது அவள் கண்ணில் பட்டது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அத்தானுக்குக் கை வியர்த்து அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கைக்கு வியர்க்கக் காரணம் வேண்டியதில்லை, மற்றவர்களுக்குக் காரணம் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். சோதனை அறையில் பத்து நிமிடம் அரட்டை அடிக்கிறவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. பொம்மை மனிதன் செத்தால் செத்துவிட்டுப் போகிறான் என்று விளையாடுகிறவனுக்கு எங்கிருந்து வியர்க்கும்? ஆனால் காசு கொடுத்து இந்தச் சாமானை வாங்குகிறவன் ஜெயிப்பதற்காக அல்லவா வாங்குகிறான்.

"கையெழுத்துப் போடறேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நான் சொல்ற மாதிரி சோதிக்கணும். போட்டி வைப்போம். ஜெயிக்கறவங்களுக்குச் சனிக்கிழமை லீவு. ஒருத்தருக்கு மட்டும்."

வாரத்தில் ஆறு நாள் வேலை இருக்கிற இடத்தில் ஒரு சனிக்கிழமை என்ன பெறும் என்று அத்தானுக்குத் தெரியாது. அவர் முதலாளி. சரி என்றார். தன் கண்ணாடி எல்லோர் எதிரிலும் மின்னப்போகிறது என்று நம்பி, தானும் ஆடுவதாக வேறு சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் அந்த அறையில் மூச்சுவிட இடமில்லை. ஏசியின் மேல் சின்னவள் கையே வைக்கவில்லை, அது அதுபாட்டுக்கு ஓடியது. விரல்களைப் படம்பிடிக்கப் போன் ஒன்றை நிற்க வைத்திருந்தாள். தொட்டது எது, தொடாமல் கோட்டை விட்டது எது என்று பிறகு சண்டை வரக் கூடாது. அதே எட்டுப் பேர், அதே ஓட்டக்காரன், ஆளுக்கு மூன்று உயிர். முதல் இரண்டு உயிர்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது உயிரில் சிரிப்பு நின்றது.

கணக்கு எழுதுகிறவர் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் கண்ணாடியைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார், அவற்றை இங்கே எழுத முடியாது. பேக்கிங் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மாளுக்கு அந்தச் சனிக்கிழமை முழுக்கத் தூங்கியாக வேண்டும், வேறு லட்சியமில்லை. கொசு அடிப்பதுபோல் அவள் கண்ணாடியை அடித்தாள். "தொட்டேன், எல்லாரும் பாத்தீங்கல்ல, நான் தொட்டேன்," என்று சாட்சிக்கு ஆள் சேர்த்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொடுவதற்குள் ஓட்டக்காரன் போய்ச் சேர்ந்திருந்தான். எப்படியோ அவள்தான் கடைசிவரை நின்றாள். எதிரே அத்தான்.

அத்தான் நன்றாகத்தான் ஆடினார். தான் செய்த சாமான் அவருக்குத் தெரியாதா? ஆனால் பதின்மூன்று ஜோடிக் கண்கள் முதுகில் இருந்தன. ஒரே உயிர் பாக்கி இருந்தபோது பெரிய குழி வந்தது. அத்தான் தொட்டார். மறுபடி தொட்டார். ஓட்டக்காரன் நேராக உள்ளே போனான். பேக்கிங் அக்கா கை தட்டிவிட்டு, முதலாளியைப் பார்த்ததும் தட்டியதைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு பட்டன் வைத்த பழைய மாடலைக் கொடுத்து, இரண்டாவது சனிக்கிழமைக்கு இன்னொரு போட்டி நடந்தது. அதே வியர்வை, அதே கூச்சல். சின்னவள் போன் படத்தைப் பார்த்து மாலைவரை எண்ணினாள். பட்டனில் நூற்றுக்கு ஒன்று தவறியிருந்தது. கண்ணாடியில் இருபத்திரண்டு.

தாளை அத்தான் முன்னால் வைத்தாள். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். எட்டு மாத உழைப்பு ஒரு தாளில் கிடப்பதைப் பார்க்கிற மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. அத்தான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. "கடைக்காரங்களுக்கு ஒரு மாசம் தவணை கேட்டு எழுது," என்று அக்காவிடம் மட்டும் சொன்னார்.

மூன்று வாரத்தில் புது மாதிரிகள் வந்தன. தாண்ட, ஓட, திரும்பவெல்லாம் அசல் பட்டன்கள். நடுவில் மட்டும், ஆட்டம் தொடங்குமுன் தேர்வு செய்வதற்கு, உள்ளங்கை அளவில் அந்தக் கண்ணாடி. அத்தானால் அதை அடியோடு விட முடியவில்லை. ஒன்பது பேர் சோதித்தார்கள். எட்டுத் தாளும் பிரமாதம் என்றன. பிளாஸ்டிக் வார்ப்பதற்கான அச்சு வெட்டுகிறவர் காலையிலிருந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்.

ஒன்பதாவது தாளில் சின்னவள் எழுதியிருந்தாள்: பதினான்காவது நிமிடத்தில் இடது பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொள்கிறது. இடுக்கு வழியாக வியர்வை இறங்குகிறது. இப்படியே அச்சு வெட்டக் கூடாது.

அத்தான் எட்டுத் தாளையும் ஒரு பக்கம் வைத்தார். ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தார். அக்கா ஏதோ சொல்ல வந்து, தங்கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"பதினாலாவது நிமிஷமா?"

"ஆமா அத்தான். மத்தவங்க பத்தோட எழுந்து போயிட்டாங்க."

அத்தான் எழுந்து வரவேற்பறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது கேட்டது. "இன்னிக்கு வேணாங்க. சோதனையில நிக்கல. சரிபண்ணிட்டுக் கூப்பிடறேன்." அச்சு வெட்டுகிறவர் முணுமுணுத்தபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா, இன்னொரு முறை தவணை கேட்டால் கடைக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தலையில் கையை வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

சின்னவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் அவள் தப்பாக எழுதியிருந்தாலும் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இன்றைக்கு அவள் எழுதிய மூன்று வரிக்காக ஒரு மனிதர் வேலை இல்லாமல் திரும்பிப் போகிறார், ஒரு ஆர்டர் அந்தரத்தில் தொங்குகிறது. பட்டன் ஒட்டியது அந்த ஒரு கண்ட்ரோலரில் மட்டும் இருந்தால்? ஏதாவது தூசியாக இருந்தால்? பதினான்காவது நிமிடத்தில் தானே கையைத் தவறாக வைத்திருந்தால்?

பெட்டியிலிருந்து வேறொரு மாதிரியை எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பத்தாவது நிமிடம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, ஒன்றுமில்லை. பட்டன் சமர்த்தாக அமுங்கி அமுங்கி எழுந்தது. பதினான்கு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இடது பட்டன் அமுங்கியது, எழவில்லை.

ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.