நடந்ததாகச் சொன்னவள்

மிருதுளா தன் நாவலை ஏழு வருடம் எழுதினாள். பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. தாம்பரத்திலிருந்து போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் எழுதினாள். மூன்று பதிப்பகங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு தானே முந்நூறு பிரதி அச்சடித்தாள். 'மடைகாத்தாள்' என்று பெயர். மேற்குத் தாம்பரத்தில் டிசைனிங் கடை வைத்திருக்கும் சிநேகிதி நிகத் அட்டைப்படம் செய்துகொடுத்தாள்.

கதை அவர்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் நெடுமடை ஏரியில் நடக்கிறது. ஹைதர் படை வந்த காலம். கரையை உடைக்க வரும் குதிரை வீரர்களை மறித்து, மடைக்காவலன் மகள் வெள்ளச்சி மதகிலேயே நின்று செத்துப்போகிறாள். ஏரி பிழைக்கிறது.

நான்கு மாதத்தில் முப்பத்தெட்டு பிரதி போனது. அதில் பாதி சொந்தக்காரர்கள். ஃபேஸ்புக்கில் தினம் ஒரு பத்தி போட்டாள். காலனி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டபோது யாரோ கீழே தண்ணீர் லாரி நம்பர் கேட்டார்கள். சேலையூரில் ஒரு அடுக்குமாடி வளாகத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். ஒரு பெண்மணி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இது உண்மையா நடந்ததா?" என்று கேட்டார்.

"காலம் உண்மைங்க. படை வந்தது, பஞ்சம் வந்தது எல்லாம் உண்மை. வெள்ளச்சி மட்டும் கற்பனை."

"ஓ, கற்பனையா" என்று புத்தகத்தை வைத்துவிட்டு அவர் பக்கத்து மேஜைக்கு முறுக்கு வாங்கப் போனார். அன்று மட்டும் நான்கு பேர் அதையே கேட்டு, அப்படியே போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை நிகத் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஏரிக்கரையில் ரீல் எடுத்தார்கள். மிருதுளா மதகுப் படியில் நின்று கேமராவைப் பார்த்தாள். எழுதி வைத்திருந்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"இது கதை இல்லை. இதே இடத்தில் நடந்தது. வெள்ளச்சி இங்கேதான் செத்தாள். நாம்தான் மறந்துட்டோம்."

நிகத் போனை இறக்கினாள். "அக்கா, நிஜமாவே அப்படி இருந்திருக்கா?"

"இருந்திருக்கலாம் இல்ல? யாருக்குத் தெரியும். போடு."

போட்டார்கள். மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்த புத்தகப் பெட்டிகள் காலியாயின. மறுபடி ஐந்நூறு அச்சடித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ரயிலில் ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டு கையெழுத்து வாங்கினாள். அந்த வாரங்களில் மிருதுளா சந்தோஷமாகத்தான் இருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் "ஆமாம், நடந்ததுதான்" என்று சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையை விடச் சுலபமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மதகின் பக்கத்தில் ஒரு கல் முளைத்தது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாவாடை சுற்றியிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்யநாராயணன் போன் செய்தார்.

"மேடம், வர்ற வெள்ளிக்கிழமை வெள்ளச்சி அம்மனுக்கு முதல் பூஜை. நீங்கதான் வந்து விளக்கு ஏத்தணும். ஒண்ணு தெரியுமா, கல் வச்ச நாள்லேருந்து ஏரியில ஒருத்தனும் குப்பை கொட்டலை. ஆறு வருஷமா மனு கொடுத்து முடியாதது."

மிருதுளா சரி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை வீட்டு வாசலில் லாசரஸ் நின்றான். மதகுக்கு எதிரில் பதினோரு வருடமாகத் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பவன். மிருதுளா அவனிடம் பலமுறை வாங்கியிருக்கிறாள். உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை.

"வண்டிய எடுக்கச் சொல்லிட்டாங்க மேடம். அம்மன் கீது, எதிர்ல கவிச்சி வாசனை கூடாதாம். நேத்து நாலு பேர் வந்து அடுப்பத் தூக்கி ஓரமா வச்சிட்டாங்க. நான் சண்டை போடல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளுங்க."

"அந்தப் பொண்ணு நெஜமாவே அங்க செத்துச்சா? செத்திருந்தா நானே நவுந்துக்கறேன். செத்த இடத்துல வியாபாரம் பண்ண எனக்கும் மனசு வராது."

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பாள்.

"இல்லை" என்றாள். "நான் எழுதினது. அப்படி ஒரு பொண்ணு இல்லை."

லாசரஸ், "அப்ப அத அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

கணவன் பத்ரி, "விடு. குப்பை நின்னிருக்கு, நல்லதுதானே. அவருக்கு வேற இடம் பார்க்க நாம உதவி பண்ணலாம்" என்றான். நிகத் ரீலை அழித்தாள். அழித்து என்ன? அதற்குள் ஐம்பது பேர் அதை எடுத்துப் பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கரையில் இருநூறு பேர் இருந்தார்கள். பொங்கல் வாசனை. விளக்கை ஏற்றச் சொன்னபோது மிருதுளா மைக்கைக் கேட்டாள்.

"நான் பொய் சொல்லிட்டேன். வெள்ளச்சி என் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்தப் பதிவிலும் இல்லை. புத்தகம் விக்கணும்னு நடந்ததா சொன்னேன். மன்னிச்சுக்குங்க. அந்த மீன் வண்டியை நகர்த்தாதீங்க."

யாரும் கத்தவில்லை. சத்யநாராயணன் சிரித்தபடி மைக்கை வாங்கி, "மேடம் தன்னடக்கமா பேசறாங்க" என்றார். சிலர் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த தையல்நாயகி என்ற அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காலனியில் எல்லாருக்கும் தெரிந்தவர். போன வருடம் மகளைப் பறிகொடுத்தவர்.

"நீயா கற்பனை பண்ணினேன்னு நினைக்கறே. அவதான் உன் மூலமா வந்திருக்கா. நான் தினம் வந்து அவகிட்டப் பேசறேன். எனக்குத் தெரியாதா?"

அந்தக் கையை உதற மிருதுளாவால் முடியவில்லை. யாரோ விளக்கை ஏற்றினார்கள். மணி அடித்தது.

கூட்டம் கலைந்ததும் சத்யநாராயணன் அவளைத் தனியே நிறுத்தினார். இப்போது சிரிப்பில்லை. "குப்பை திரும்ப வந்தா நீங்க வந்து அள்ளுவீங்களா?"

"அள்ள முடியாது சார். ஆனா நான் சொன்னது பொய்."

"அதை அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார்.

அன்றே மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டாள். எண்ணூறு பேர் பார்த்தார்கள். யார் மிரட்டினார்கள் என்று பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் ஏமாற்றுக்காரி என்றார்கள். பள்ளிக்கூடம் நிகழ்ச்சியை ரத்து செய்தது.

லாசரஸ் வண்டியை ஜிஎஸ்டி சாலையோரம் ஒரு பஸ் நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். புழுதி அடிக்கிற இடம். பழைய இடத்தைக் கேட்டு அவன் மாநகராட்சிக்கு எழுதிய மனுவோடு, நாவல் முழுக்கக் கற்பனை என்று அவள் தனியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனு போய் மூன்று மாதமாகிறது. பதில் வரவில்லை. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிற்பாள். அவன் மரியாதையாகத்தான் பேசுகிறான். பழைய மாதிரி ஒரு துண்டு கூடுதலாக வைத்து, சாப்பிட்டுப் பாருங்க என்று சொல்வதில்லை.

மீதமிருந்த இருநூறு பிரதிகளிலும் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினாள். பத்ரியும் நிகத்தும் கூட உட்கார்ந்து ஒட்டினார்கள். 'இந்த நாவலில் வரும் வெள்ளச்சி கற்பனைப் பாத்திரம். நடந்ததாக நான் சொன்னது தவறு' என்று இருந்தது.

ஆடி மாதத்துக்கு முந்தின வாரம் சங்கத்திலிருந்து பத்ரியின் நண்பர் பிரசன்னா போனில் பேசினார். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூறு பிரதி வேண்டுமாம்.

"தரேன். ஆனா முதல் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும்" என்றாள்.

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. நாங்க கிழிச்சுக்கறோம்."

எதிரில் நாற்காலியில் பத்ரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ வேண்டாங்க" என்று சொல்லி மிருதுளா போனை வைத்தாள்.