முழுப்படத்து மூஸ்

வலது தோளில் தொடங்கிய வலி மதியத்துக்குள் கட்டைவிரல் வரை இறங்கிவிட்டது. ரெனே மவுஸை விட்டுவிட்டு கையை மேசைக்கடியில் தொங்கப் போட்டாள். அப்பாவுக்கும் இந்தத் தோள்தான் போனது. இதே கட்டடம் செருப்பு ஆலையாக இருந்த காலத்தில், இரண்டு மாடி கீழே நின்று தோல் வெட்டினார். அவர் நின்றுகொண்டு கெடுத்துக்கொண்டதை மகள் உட்கார்ந்தே கெடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில் இப்போது அவள் ஒருத்திதான். மற்ற மேசைகளில் வெறும் ஒயர்கள். சாலையில் கார்கள் எடுத்த படங்களில் இது மரம், இது ஆள் என்று கட்டம் போட்டுப் பெயர் வைக்கிற வேலையை முன்பு இந்த அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்து செய்தார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் மேல் பூட்ஸ்கள் காயும். ஈரக் கம்பளி நாற்றத்தோடு காபி வாசம் கலந்து கிடக்கும். அந்த வேலையை இன்று ஏஐ ஏஜென்ட்கள் செய்கின்றன. தானாக ஓடும் கார்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கிடங்கில் படங்களை ஏற்ற அவற்றுக்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதற்குக் கையேடு எழுதுவதுதான் ரெனேவுக்கு மிஞ்சிய வேலை. படிக்கப்போவது மனிதர் இல்லை, ஏஜென்ட். எழுதியதை அப்படியே செய்யும். எழுதாத எதையும் யோசிக்காது.

பாஸ்டனிலிருந்து கர்டிஸ் கூப்பிட்டான். பொறியாளன், பணிவான பையன். ஏஜென்ட்கள் மூடுபனியை மூஸ் என்ற பெரிய காட்டு மான் என்கின்றன, கவிழ்ந்த குப்பைத்தொட்டியை மூஸ் என்கின்றன, தபால் எடுக்கக் குனிந்த கிழவரையும் அந்தக் காட்டு மானாக்கிவிட்டன என்றான். உங்கள் அறையில் பெயர் வைத்த பழைய படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கின்றன, அந்த அறைப் படம் எதையும் ஏற்றாதே என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றான்.

ரெனேவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. ஆரம்பித்து வைத்தவள் இதே அறையில் வேலை பார்த்த லூசில். பனி மூடிய தபால்பெட்டியைப் பார்த்து மூஸ் என்று அடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து யாருக்கு எது புரியாவிட்டாலும் "மூஸ்!" என்று ஒரு குரல் எழும். எல்லோரும் நாற்காலியோடு உருண்டு வருவார்கள். பாதி தின்ற சாண்ட்விச்சோடு ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் சாய்ந்து, அது பசு, இல்லை உன் மாமியார் என்று வாக்குவாதம் நடக்கும். கடைசிவரை தெரியாத படமும் உண்டு. திரை காட்டும் பெயர்களில் 'தெரியாது' என்று ஒன்று கிடையாது. அதனால் படம் முழுவதற்கும் ஒரே கட்டம் போட்டு மூஸ் என்று எழுதிவிட்டு நகர்வார்கள். அதைப் பார்த்து ஒரு மெஷின் பாடம் படிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆனால் நிஜ மூஸும் அந்தப் படங்களில் இருந்தது. இருட்டில் கார் வெளிச்சம் அதன் உடம்புக்கு எட்டாது, நான்கு கறுப்புக் கால்கள் மட்டும் தெரியும். வடக்குச் சாலையில் அந்தக் கால்களைத் தாமதமாகப் பார்த்துச் செத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. கர்டிஸ் கேட்ட ஒரு வரியை எழுதினால் அந்தக் கால்களும் போய்விடும். எந்தக் காரும் அவற்றைக் கற்றுக்கொள்ளாது.

தன் நினைவை மட்டும் நம்ப முடியவில்லை. லூசிலுக்குப் போன் போட்டாள். வேலை போனபிறகு அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள்.

"யாரு, ரெனேயா? உன்னை இன்னும் வெளியே தள்ளலையா?"

ரெனே விஷயத்தைச் சொன்னாள். லூசில் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நிஜ மூஸுக்கு எப்போதாவது முழுப்படக் கட்டம் போட்டோமா என்று கேட்டாள்.

"கார் கண்ணாடி முழுக்க மூஸ் நின்னா அந்தக் கார் படம் அனுப்புற நெலமையிலயா இருக்கும்? போடலடி. நெஜம்னா காலை ஒட்டித்தான் போடுவோம். இப்போ மெஷினும் மூஸ்னு கத்துது. கத்துனா யாரு வந்து பாக்குறா?"

"யாரும் இல்ல."

அந்தப் பக்கம் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம்னு சொன்னப்போ உனக்கு விட்டுட்டு நான் எந்திரிச்சேன். கோவம்லாம் இல்ல, சும்மா கேக்குறேன். நான் எந்திரிக்காம இருந்திருந்தா, நீ எந்திரிச்சிருப்பியா?"

கர்டிஸ் காத்திருக்கிறான், அப்புறம் பேசுகிறேன் என்றாள் ரெனே. சரி, எனக்கும் சூப் அடிபிடிக்குது என்று லூசில் வைத்துவிட்டாள்.

ரெனே எழுதினாள்: 'இந்த அறையின் படத்தில் மூஸ் என்ற கட்டம் படம் முழுவதையும் மூடியிருந்தால், அது மூஸ் அல்ல. பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். ஏற்றாதே. மனிதரிடம் கேள். மற்ற மூஸ் எல்லாம் நிஜம். ஏற்று.'

எந்த மனிதரிடம் என்று கர்டிஸிடமிருந்து ஒரு வரி வந்தது. தன் பெயரையே எழுதி அனுப்பினாள். அவன் மறுக்கவில்லை.

ஜன்னலில் ஆற்றின் மேல் வெளிச்சம் குறைந்தபோது ஏஜென்ட் கேட்டு அனுப்பிய முதல் படம் திரையில் வந்து நின்றது. வெள்ளைப் புகை, நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று. பக்கத்தில் போனும் கிடந்தது. எந்திரிச்சிருப்பேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. லூசிலுக்கு அந்த ஒரு பதில் பாக்கி.