இரண்டு பெட்டிக்கும் நடுவில்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் குழல்வாய்மொழி ஒரு சினிமாகூடப் பார்க்கவில்லை. இலஞ்சியில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் கொட்டகைக்குப் போவதில்லை என்பது யாரோ எப்போதோ போட்ட சட்டம். போட்டவர் செத்தும் சட்டம் சாகவில்லை. பட்டாளத்திலிருந்து புருஷன் நல்லக்கண்ணு எழுதின கடிதத்திலெல்லாம் ஒரே பல்லவிதான்: பென்ஷன் வாங்கி வந்ததும் வீட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டுவிடுகிறேன், நீ ராணி மாதிரி உட்கார்ந்து பார்க்கலாம். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய, ஒன்பது வருஷத்தை ஓட்ட வேண்டாமா.

எண்பத்தைந்தாம் வருஷம் பென்ஷனோடு வந்தான். சொன்னபடி கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாங்கினான். டி.வி.யின் சத்தம் காணாது என்று, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எடுக்கத் தென்காசியில் இசக்கியப்பன் கடைக்குப் போனபோது அவளையும் கூட்டிப்போனான். அதுவரைக்கும் மனுஷன் தங்கம்தான், குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் மேல்தான் நல்லக்கண்ணுவுக்குக் கண். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டின மாதிரி வீடு அதிர வேண்டும் அவனுக்கு. இசக்கியப்பன் அதில் ஒரு பட வசனத்தைப் போட்டுக் காட்டினான்.

“வாய்ல துணிய வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரில்லா இருக்கு” என்றாள் ஸ்டூலில் இருந்த குழல்வாய்மொழி.

அடுத்தது பத்து இஞ்ச். “இது பரவால்ல தம்பி. ஆனா அழுதாளா சிரிக்காளான்னு தெரியல.”

கடைசியாக எட்டு இஞ்ச். பெட்டியின் மேல்பக்கம், மெல்லிய சத்தத்துக்கென்றே குட்டியாக ஒரு ட்வீட்டர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “இதான். பேசுததுக்கு முந்தி மூச்சு இழுக்கா பாருங்க, அதுகூடக் கேக்கு.”

“அண்ணாச்சி, அக்காவுக்குத்தான் காது இருக்கு” என்று இசக்கியப்பன் சிரித்தான். நல்லக்கண்ணு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அதில் ஒரு ஜோடியை வாங்கிவிட்டான்.

மறுநாள் இசக்கியப்பன் வீட்டுக்கு வந்து டி.வி.க்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்தான். டேப்பால் அளந்து, கூடத்து நடுவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“அக்கா, இங்கன உக்காந்து பாருங்க. ரெண்டு பெட்டிக்கும் சரிநடு. இங்கன இருந்தாத்தான் பேச்சு ஆள் வாயில இருந்தே வரும். தள்ளிப் போனா சொவத்துல இருந்து வரும்.”

உட்கார்ந்தாள். டி.வி.யில் ஒரு பெண் பேசினாள்; அவள் உதட்டிலிருந்தே பேச்சு வந்தது. எல்லாம் இரண்டு நிமிஷம்தான். குழல்வாய்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி தினமும் உண்டே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நல்லக்கண்ணுவின் அண்ணன் பரமசிவன் பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். கூடவே அவருடைய சாய்வு நாற்காலியும் வந்தது. அதை எங்கே போட்டார்கள் என்று கேட்கவும் வேண்டுமா? சாக்பீஸ் குறிக்கு நேர் மேலே. மூத்தவர் இருக்கிற கூடத்தில் தம்பி பெண்டாட்டி வந்து உட்கார முடியுமா? அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டாள். மறுநாளும் வந்தார், நாலு சேக்காளிகளோடு. அப்புறம் ஒருநாள் தவறவில்லை. கேசட் சாயங்காலம் வாடகைக்கு வரும், விடிந்ததும் தென்காசிக்குத் திரும்பிவிடும். பகலில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கி முடிவதற்குள் எழுபது எண்பது படம் கேட்டுவிட்டாள், ஒரு முகம் பார்க்காமல்.

ஒருநாள் புருஷனிடம் கேட்டேவிட்டாள். “எனக்குன்னுதான வாங்கினீய?”

“அதுக்கு? அண்ணாச்சிய வராதீயன்னு சொல்லச் சொல்லுதியா?”

“வரட்டும். நானும் ஒரு மூலையில இருந்துக்கிடுதேன்.”

“ஊர் சிரிக்கும், பேசாம இரு” என்றான் நல்லக்கண்ணு. அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து இசக்கியப்பனை வரவழைத்தான். இடது பக்கப் பெட்டியைக் கழற்றி, வயரை நீட்டி, அடுக்களை அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். “இப்ப சந்தோஷமா? ஒனக்குன்னே ஒரு பெட்டி” என்றான் அவளிடம். அவனுக்கு உண்மையிலேயே பெருமை. இசக்கியப்பன் தலையைத் தூக்கவேயில்லை. இப்படி வைக்கக் கூடாது அண்ணாச்சி என்று மட்டும் முனகிவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே அதுவும் போயிற்று. பேச்சு என்னடே ஒரு பக்கச் சுவரிலிருந்து வருகிறது என்று பெரியவர் பரமசிவன் கேட்டுவிட்டாராம். நல்லக்கண்ணு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தான். அடுக்களையில் வயர் மட்டும் தொங்கியது.

அன்று காப்பியைக் கதவோரம் வைக்கும்போது காதில் விழுந்தது.

“பெட்டி நல்லாத் தேடித்தான் எடுத்திருக்கடே. மூச்சு விடுததுகூடக் கேக்கு” என்றார் பெரியவர்.

“பட்டாளத்துல எத்தன சத்தம் கேட்ட காது, அண்ணாச்சி” என்றான் நல்லக்கண்ணு.

குழல்வாய்மொழி அடுக்களைக்குத் திரும்பினாள். இடத்தைப் பிடுங்கினான், படத்தைப் பிடுங்கினான், இப்போது அவள் காதையும் பிடுங்கித் தன் தலையில் ஒட்டவைத்துக்கொண்டானே பாவி. ஊறப்போட்டிருந்த உளுந்தை அள்ளி ஆட்டுரலில் போட்டாள். குழவி கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் பன்னிரண்டு இஞ்ச் இல்லாமலே வீடு அதிர்ந்தது.

நல்லக்கண்ணு வந்து அடுக்களை வாசலில் நின்றான். “ஏட்டி, நிப்பாட்டு. பேச்சே கேக்க மாட்டேங்கு.”

“எனக்கு மொகமே தெரிய மாட்டேங்கு” என்றாள். கை நிற்கவில்லை.

அவன் கூடத்துக்குப் போய் வால்யூமைக் கூட்டி வைத்தான்.