மூடிய வேனில் ஒரு பீடி

எம். புதுப்பட்டிச் சாலையில் உள்ள அந்தப் பட்டாசுக் கம்பெனியின் வாசலில், காலையில் ஆண்களின் சட்டைப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். பீடியும் தீப்பெட்டியும் காவலாளியின் தகர டப்பாவுக்குள் போய்விடும். அதற்காக எவரும் முகம் சுளித்ததில்லை. தன் உரிமை பறிபோனதாக எவரும் வழக்காடியதில்லை. வெடிமருந்துக்கு அங்கே அத்தனை மரியாதை.

மாலையில் டப்பா திறக்கும். ஃபோர்மேன் உக்கிரபாண்டி தம்முடைய பீடிக்கட்டை வாங்கிக்கொண்டு, பெண்கள் நிறைந்த கம்பெனி வேனில் ஏறி, திருத்தங்கல் வந்து சேரும்வரை ஒன்று மாற்றி ஒன்றாகப் பற்ற வைப்பார். மருந்துக்குக் கிடைத்த மரியாதை மனுஷிக்குக் கிடையாது.

அந்த வேனில் வரும் முத்துமாரிக்கு இது ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு நிலைக்காமல் போன வயிறு. சுகாதார நிலையத்து நர்ஸ் ஹெப்சிபா, அவள் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"ஒன் சேலையில பீடி நாறுதே. வீட்டுக்காரரு குடிப்பாரா?"

"அவுக தொடவே மாட்டாகக்கா."

"அப்ப யாரு பீடியத் தாயி நீ குடிக்க? இந்தத் தடவையாவது புள்ள தங்கணும்னா, அந்தப் புகைப் பக்கமே போகாத."

அன்று மாலை மழை. வேனின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். உக்கிரபாண்டி பற்ற வைத்தார். தம் நெஞ்சுக்குள் இழுத்து, அங்கே தேங்கிய சளியில் புரட்டி, எச்சில் நாற்றத்தோடு வெளியே தள்ளிய காற்று அது. இன்னொருவர் மென்று துப்பியதை வாயில் இட்டால் எவரும் காறி உமிழ்வார்கள். இதையோ, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அத்தனை பெண்களும் விழுங்கினார்கள். முத்துமாரி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"அண்ணாச்சி, எறங்கின பெறகு குடிங்களேன். வயித்துப்புள்ளக்காரி, தாங்கல."

"பகல் பூரா மருந்துத் தூசியிலதான கெடக்க? அது இனிக்குது, என் பீடி மட்டும் கசக்குதாக்கும்."

"அது கூலிக்கு அண்ணாச்சி. மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டுப் பாக்கேன். இதுக்கு யாரு கூலி தர்றா?"

"பேச்சப் பாரு. புடிக்கலேன்னா மூக்கப் பொத்திக்க. இல்ல, எறங்கி நட. ஒன்னைய யாரு இழுக்கச் சொன்னா?"

யார் இழுக்கச் சொன்னார்களாம்! சோற்றை வேண்டாம் என்று தள்ளிவிடலாம். தண்ணீரை ஒரு நாள் மறுக்கலாம். மூச்சை எவ்வளவு நேரம் மறுக்க முடியும்? வேறு காற்றில்லாத பெட்டிக்குள் அடைத்துவிட்டு, சுவாசித்தது உன் விருப்பம் என்று சொல்கிற வாயை என்னவென்பது?

மறுநாள் மாலை முத்துமாரி வேனில் ஏறியபோது, அவள் சேலை முழுவதும் வெள்ளித் துகள் மினுங்கியது. புஸ்வாணத்துக்கு வெள்ளியாய் மின்னும் மருந்தை அடைக்கும் அவளைப் போன்ற பெண்கள், தொட்டியில் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகே வேன் ஏற வேண்டும் என்பது கம்பெனி விதி. அவள் நேராக வந்து உக்கிரபாண்டியின் பக்கத்தில், அவர் முழங்கை இடிக்கும்படி உட்கார்ந்தாள்.

உதட்டில் பீடி, கையில் உரசப்போன தீக்குச்சி. அவர் கண் சேலையில் விழுந்தது.

"என்ன தாயி, சேல மாத்தலையா?"

"அசந்துட்டேன் அண்ணாச்சி. வீட்டுல போயி மாத்திக்கிறேன். நீங்க பத்த வைங்க."

குச்சி பெட்டிக்குள் திரும்பிப் போனது.

"ஏலே சிவபாண்டி, வண்டிய ஓரமா நிறுத்து. இவள எறக்கி விடு. ஒடம்பு பூரா மருந்தோட வந்து உக்காந்திருக்கா."

"மூக்கப் பொத்திக்கங்க அண்ணாச்சி," என்றாள் முத்துமாரி. "இல்ல, எறங்கி நடங்க."

டிரைவர் சிவபாண்டி வண்டியை நிறுத்தினான். இறங்கியவர் உக்கிரபாண்டிதான்.

வேன் நகர்ந்ததும், பின் இருக்கைக் கருப்பம்மாள் ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டு கேட்டாள்: "நெசமாவே மருந்தாடி?"

"இத்தன பேரு இருக்கிற வண்டியில மருந்தோட ஏறுவேனாக்கா? கழுவி, துவைச்ச சேலதான் கட்டியிருக்கேன். இது ஜிகினா. எங்க வீட்டுக்காரரு காலண்டர் கம்பெனியில சாமி படத்துக்குத் தூவுறது."

கருப்பம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "சாமி கழுத்துல மின்ன வேண்டியது ஒன் இடுப்புல மின்னுது. அதான் மனுசன் எந்திரிச்சு ஓடிட்டாரு."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். முத்துமாரி சிரிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையைச் சொல்லிக் கெஞ்சியபோது அசையாதவர், ஒரு பிடி ஜிகினாவுக்கு மழைச் சேற்றில் குதித்தார். எரியக்கூடியது தம் தொடை என்று தெரிந்தவுடன் எத்தனை விரைவாக அறிவு வருகிறது!

காலையில் உக்கிரபாண்டியே மேனேஜர் செல்வநாயகத்திடம் புகார் சொன்னார். முத்துமாரியை அழைத்தார்கள். வேலை போனது என்றே எண்ணிக்கொண்டு, அவள் மீதி ஜிகினாப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

செல்வநாயகம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஃபோர்மேன் பக்கம் திரும்பினார்.

"இது கெடக்கட்டும். வேனுக்குள்ள தீக்குச்சிய எதுக்கு எடுத்தீக?"

உக்கிரபாண்டி மறுபடியும் முத்துமாரியைக் கை காட்டினார்.

"வேன் புதுசு," என்றார் மேனேஜர். "எவளாவது நெசமாவே கழுவாம ஏறியிருந்தா, ஒரு பொறி போதும். இனிமே ஒம்ம தீப்பெட்டி டிரைவர் கையில இருக்கும். திருத்தங்கல்ல எறங்கின பெறகு வாங்கிக்கங்க."

பெண்களைப் பற்றியும் ஒரு சொல் வரும் என்று முத்துமாரி கதவருகே நின்றாள்.

"நீ போம்மா, வேலையப் பாரு."

அன்று மாலை வேனில் புகை இல்லை. "செயிச்சுட்டியேடி," என்றாள் கருப்பம்மாள்.

"வேனுதான்க்கா செயிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, முத்துமாரி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

திருத்தங்கல் நிறுத்தத்தில் உக்கிரபாண்டி முதலில் இறங்கி, தீப்பெட்டியை வாங்கி, நிழற்குடைக்குள் நின்று பற்ற வைத்தார். அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்தாள். அவள் சேலையில் எதுவும் மின்னவில்லை.